பாலைவனமா, பொன் விளையும் பூமியா?

உங்களிடம் பள்ளி உலகப்படம் இருந்தால் வட அமெரிக்கப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே, அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் நீண்ட நேர்கோடு ஒன்று ஓடுவதைக் காண்பீர்கள். அதுதான் 49-ஆவது வடக்கு அட்சக்கோடு. அக்கோட்டின் மேல், மேற்குத் தீர்க்கக்கோடு 100 பாகையிலிருந்து 114 பாகை வரை ஒரு பென்சில் கோடு இழுங்கள். அதன் இரு முனைகளையும் வடக்கே 52-ஆவது அட்சக்கோட்டில் ஒரு புள்ளியுடன் சேருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கிறதல்லவா? இன்றைய சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களின் தென்பகுதியும், மானிட்டோபா மாகாணத்தின் தென்மேற்கு மூலையும் அதனுள் அடங்கும். இதற்குப் பாலிசர் முக்கோணம் என்று பெயர்.

இந்த முக்கோணத்தைக் குறித்து இரண்டு அறிக்கைகள் உண்டு. ஒன்று, இது உழவுக்கு உதவாத வறண்ட நிலம் என்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த மற்றொன்று, இது கோதுமைக்கென்றே அமைந்த வளமான பூமி என்றது. எழுதிய இருவரும் அந்நிலத்தை நேரில் கண்டவர்கள். இருவரும் வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் அல்லர். அப்படியானால் யார் சொன்னது உண்மை? இக்கேள்வி ஏதோ பழைய ஏட்டுச் சண்டையன்று. இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வும் தாழ்வும் இதற்கான விடையைச் சார்ந்திருந்தன.

மலை தடுத்த மழை

முதலில் நிலத்தின் இயல்பைப் பார்ப்போம். பசிபிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. வழியில் ராக்கி மலைத்தொடரும் அதன் துணை மலைகளும் குறுக்கே நிற்கின்றன. காற்று மேலேறும்போது அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவடைவதால் குளிர்கிறது, குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி மழையாகவும் பனியாகவும் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குவது உலர்ந்த காற்று. இவ்வாறு அமைந்த மழை மறைவுப் பகுதிதான் நம் முக்கோணம். இங்கே மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக 300 முதல் 400 மில்லிமீட்டர் நீரே கிடைக்கிறது. கோடைக் காற்றும் வெயிலும் ஆவியாக்கக் கூடிய நீரின் அளவு அதைவிட அதிகம். எனவே மரங்கள் வளராமல் புல் மட்டுமே வளர்ந்தது. இத்தகைய பரந்த புல்வெளியைத்தான் 'பிரெய்ரி' என்கிறோம்.

மேலே சொன்னது சராசரி என்பதை நினைவில் வையுங்கள். இங்கு மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில சமயம் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து நல்ல மழை பெய்யும்; பிறகு ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து பொய்க்கும்.

இந்த மாறும் இயல்பை நன்கு அறிந்தவர்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கிரீ, அசினிபாய்ன், பிளாக்ஃபுட் முதலிய பழங்குடியினர் நீண்ட காலமாக இப்புல்வெளியின் குடிமக்கள். பைசன் என்னும் காட்டெருமை அவர்களுக்கு உணவு, உடை, கூடாரம் எல்லாம் தந்தது. நீரும் புல்லும் உள்ள இடத்துக்கு மந்தை நகரும். மந்தையைத் தொடர்ந்து மக்களும் நகர்வார்கள். ஓரிடத்தில் மழை பொய்த்தால் அவர்கள் வேறிடம் சென்றார்கள். வானம் மாறுகின்ற நாட்டில் வாழ்வதற்கு அது தக்க வழிதான்.

பாலிசர் கண்ட வறட்சி

1857-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. அதன் தலைவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் பாலிசர். நிலவியல் அறிஞரான ஜேம்ஸ் ஹெக்டர், தாவரவியல் அறிஞரான யூஜீன் பூர்ஷோ, பூமியின் காந்தப் புலத்தை அளந்த தாமஸ் பிளாக்கிஸ்டன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். 1860 வரை அவர்கள் குதிரை மீதும் கால்நடையாகவும் அந்நாட்டை அளந்தார்கள்.

அவர்கள் சென்ற ஆண்டுகள் வறண்டவை. புல் குட்டையாக இருந்தது; குளங்கள் உவர்ந்திருந்தன; விறகு கிடைப்பதரிது. அமெரிக்கப் பெரும் பாலையின் வடக்கு நீட்சியே இம்முக்கோணம் என்று பாலிசர் முடிவு செய்தார். ஆனால் அதற்கு வடக்கே மரங்களும் புல்லும் கலந்த வளமான நிலப்பட்டை ஒன்று வளைந்து செல்வதையும் அவர் குறித்தார். அதே காலத்தில் கனடா அரசின் சார்பில் சென்ற ஹென்றி யூல் ஹிண்டும் ஏறத்தாழ இதே கருத்தைத்தான் கொண்டார்.

மக்கூன் கண்ட பசுமை

காலம் மாறிற்று. ரூபர்ட் நிலம் எனப்பட்ட அப்பெரும் பரப்பு 1870-இல் ஹட்சன் குடா வணிகக் கழகத்திடமிருந்து 3,00,000 பவுனுக்குக் கனடா அரசின் கைக்கு மாறியது. அங்கு வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. புதிய நாடு தன் கிழக்கையும் மேற்கையும் இருப்புப்பாதையால் இணைக்க விரும்பியது. பாதைக்கான அளவீட்டை நடத்தியவர் சாண்ட்ஃபோர்ட் பிளெமிங். உலகம் முழுவதற்கும் ஒழுங்கான நேர மண்டலங்கள் வேண்டும் என்று பின்னாளில் வாதாடினாரே, அவரேதான். 1872-இல் அவருடைய குழுவில் சேர்ந்தவர் ஜான் மக்கூன். இவர் ஒன்டாரியோவில் ஆசிரியராக இருந்தவர். தாமாகவே தாவரவியலைக் கற்றுத் தேர்ந்தவர்.

மக்கூன் 1879-லும் 1880-லும் தெற்குப் புல்வெளியைச் சுற்றிப் பார்த்தார். அவை மழை நிறைந்த ஆண்டுகள்! பாலிசர் கண்ட வறண்ட தரையில் மக்கூன் கண்டது இடுப்பளவு ஆவலைத் தூண்டும் பசும்புல்லையும் பூக்களையும். வறட்சிக்குக் காரணம் மழைக் குறைவு அன்று, மேல்மண்ணின் கடினமே என்று அவர் கருதினார். ஏர் கொண்டு அந்த ஓட்டை உடைத்துவிட்டால் மழைநீர் உள்ளிறங்கும், கோதுமை செழிக்கும் என்றார்.

முதலில் இருப்புப்பாதை வடக்கேயுள்ள வளமான பட்டை வழியாகச் செல்வதாக இருந்தது. 1881-இல் கனடியன் பசிபிக் இரயில்வே நிறுவனத்தார் அதைத் தெற்கே, முக்கோணத்தின் ஊடே திருப்பினர். தெற்கு வழி குறுகியது. அமெரிக்க இரயில்வேக்களின் போட்டியைத் தடுக்க உதவும். புதிய நிலத்தில் ஊர்களைத் தாமே அமைத்து மனை விற்கலாம். இத்தனை வணிகக் கணக்குகளோடு மக்கூனின் சான்றும் சேர்ந்துகொண்டது. 1885 நவம்பர் 7-ஆம் நாள் கடைசி ஆணி அறையப்பட்டது.

எலும்புக் குவியல்

தண்டவாளம் வருமுன்பே புல்வெளி வெறுமையாகிவிட்டது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் அளவின்றி வேட்டையாடப்பட்ட பைசன் மந்தைகள் 1879 வாக்கில் கனடாப் புல்வெளியிலிருந்து மறைந்தன. 1874, 1876, 1877 ஆகிய ஆண்டுகளில் அரசு 4, 6, 7 எண்ணுள்ள ஒப்பந்தங்களைப் பழங்குடியினருடன் செய்துகொண்டது. உழவுக் கருவிகளும், பஞ்சத்தில் உதவியும் தருவதாக வாக்களிக்கப்பட்டது. ஆனால் பஞ்சம் வந்தபோது, ஒதுக்கு நிலத்துக்குச் செல்பவர்க்கே உணவு என்று அதிகாரிகள் நெருக்கினர். 1876-இல் கையெழுத்திட மறுத்த கிரீ தலைவர் மிஸ்டஹிமஸ்குவா, தம் மக்களின் பட்டினியைக் காணப் பொறாமல் 1882 டிசம்பரில் கையெழுத்திட்டார்.

ஒதுக்கு நிலத்தில் உழவு கற்றவர்களையும் அரசு நிம்மதியாக விடவில்லை. 1889 முதல் சில ஆண்டுகள், அவர்கள் இயந்திரங்களைப் பயன்படுத்தாமல் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டே பயிரிட வேண்டும் என்பது அரசின் கொள்கையாக இருந்தது. நிலத்தை மிக நன்றாக அறிந்தவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய அனுபவம் எந்த அறிக்கையிலும் கணக்கில் வரவில்லை.

சஸ்காச்சுவானின் தலைநகரான ரெஜைனாவுக்கு 1882-இல்தான் அப்பெயர் இடப்பட்டது. அதற்கு முன் கிரீ மொழியில் அவ்விடத்துக்கு 'எலும்புகள் குவிந்துள்ள இடம்' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. பைசன் எலும்புகளே அவை. புதிதாக வந்த குடியேறிகள் பலருக்கு அந்நிலத்தில் கிடைத்த முதல் 'விளைச்சல்' அந்த எலும்புகள்தாம். பொறுக்கி எடுத்து இரயில் நிலையத்தில் விற்றார்கள். அவை உரமாயின, கரியாக்கப்பட்டுச் சர்க்கரையை வெளுக்கவும் பயன்பட்டன.

பத்து டாலருக்கு நூற்றறுபது ஏக்கர்

1872-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்துபவர்க்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. பக்கத்துக்கு அரை மைல் கொண்ட ஒரு சதுரம் அது. மூன்று ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, வீடு கட்டி, ஒரு பகுதியை உழுதால் நிலம் சொந்தமாகும். 1896 முதல் 1905 வரை உள்துறை அமைச்சராக இருந்த கிளிஃபோர்ட் சிஃப்டன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பறைசாற்றினார். உக்ரைன் நாட்டு உழவர்கள், ரஷ்யாவிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பிய டூக்கபோர்கள், ஆங்கிலேயர், ஜெர்மானியர், அமெரிக்கர் என்று திரள் திரளாக மக்கள் வந்தனர். 1901-இல் 91,279 ஆக இருந்த சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 1911-இல் 4,92,432 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கும் மேல்!

மரமில்லா நாட்டில் வீடு எதனால் கட்டுவது? புல்தரையையே செங்கல் போல வெட்டி அடுக்கினார்கள். வேர்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று ஓர் அரிதிற் கடத்தி. ஆகவே தடித்த மண்சுவர் குளிர்காலத்தில் வெப்பத்தை வெளியே விடாது. அங்கே குளிர் சில நாட்களில் சுழிக்குக் கீழ் 40 பாகையைத் தொடும். அது சென்டிகிரேடா, பாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு புள்ளியில் இரண்டு அளவைகளும் ஒன்றே! கூரையும் புல்மண்தான். வெளியே மழை நின்ற பின்னும் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும் என்று குடியேறிகள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

கல்கத்தா தந்த தாய்

உறைபனி இல்லாத நாட்கள் அங்கே ஏறத்தாழ நூறுதான். பழைய 'ரெட் ஃபைஃப்' கோதுமை முற்றுவதற்குள் இலையுதிர்காலப் பனி விழுந்து கெடுத்துவிடும். இச்சிக்கலுக்கு விடை கிடைத்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1892-இல் கனடாவின் அரசு ஆய்வுப் பண்ணையில் ரெட் ஃபைஃபுடன், இந்தியாவிலிருந்து சென்ற 'ஹார்டு ரெட் கல்கத்தா' என்ற கோதுமையைப் பெண் பெற்றோராகக் கொண்டு ஒட்டுச் சேர்த்தார்கள். இந்தியக் கோதுமை விரைவில் முற்றும் இயல்புடையது. அவ்வழி வந்த கதிர்களிலிருந்து, 1903, 1904-ஆம் ஆண்டுகளில் சார்லஸ் சாண்டர்ஸ் ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு வகையின் மணியையும் வாயிலிட்டு மென்று, பசைத்தன்மை எப்படி என்று சோதிப்பாராம். தேர்ந்தெடுத்த வகைக்கு 'மார்க்விஸ்' என்று பெயர். ரெட் ஃபைஃபைவிட ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக இது முற்றியது. 1909-இல் உழவர்களுக்கு வழங்கப்பட்ட மார்க்விஸ், 1920 வாக்கில் கனடாவின் மேற்குக் கோதுமை நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

இவ்வாறு பனியை வெல்ல வழி பிறந்தது. வறட்சியை வெல்வது எப்படி?

தூசுப் போர்வையின் கதை

இந்தியன் ஹெட் என்ற ஊரில் 1885-இல் ஒரு நிகழ்ச்சி. மெட்டி மக்கள் லூயி ரியேலின் தலைமையில் அரசை எதிர்த்துப் போராடிய ஆண்டு அது. படைக்குப் பொருள் ஏற்றிச் செல்ல வண்டிகளும் ஆட்களும் போய்விட்டதால், ஆங்கஸ் மக்கே என்ற உழவரின் நிலத்தில் ஒரு பகுதி விதைக்கப்படாமல் தரிசாகக் கிடந்தது. மறு ஆண்டு கடும் வறட்சி. ஆனால் தரிசு கிடந்த நிலத்தில் மட்டும் கோதுமை விளைந்தது! ஓராண்டின் ஈரத்தைச் சேமித்து மறு ஆண்டுக்குப் பயன்படுத்தும் 'கோடைத் தரிசு' முறை இவ்வாறு பரவியது. மக்கே பின்னர் அவ்வூர் அரசு ஆய்வுப் பண்ணையின் தலைவரானார்.

முறை சரியானதே. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்தில்தான் வினை இருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறி ஆவியாகிறது. எனவே மேல்மண்ணை அடிக்கடி கிளறித் தூளாக்கினால் திரி அறுந்துவிடும், ஈரம் கீழேயே தங்கும் என்று வறள்நில உழவைப் பரப்பியவர்கள் கூறினர். தந்துகிக் கவர்ச்சி பற்றிய பாடத்தை நன்றாகப் படித்தவர்களுக்கு இது மிகவும் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் தரிசில் ஈரம் நின்றதற்கு முதன்மைக் காரணம், நீரைக் குடிக்கும் களைகள் அழிக்கப்பட்டதே. தூளாக்கிய மண்ணோ காற்றுக்கு இரையாகக் காத்திருந்தது. மண் பறக்கத் தொடங்கிய பின், காற்றின் வேகம் இருமடங்கானால் அது வாரிச் செல்லும் மண் ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

1908-இல் புதிய சட்டம் ஒன்று முக்கோணத்தின் மிக வறண்ட உட்பகுதியையும் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. அதுவரை அது மாட்டுப் பண்ணைகளின் மேய்ச்சல் நிலம். 1915-இல் மழை கொட்டியது, விளைச்சலும் கொட்டியது. மக்கூன் சொன்னதே மெய் என்று எல்லோரும் நம்பினர். ஆனால் 1917-இலிருந்தே ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கில் மழை பொய்க்கத் தொடங்கியது. 1920-களில் அங்கே ஊர் ஊராகக் காலியாயின.

பிறகு வந்தது 1930-களின் பெருவறட்சி. உலகப் பொருளாதாரமும் அப்போதே சரிந்தது. 1932 டிசம்பரில் வின்னிப்பெக் சந்தையில் ஒரு புஷல் கோதுமை, அதாவது 27 கிலோகிராம், 38 சென்ட்டுக்கு வீழ்ந்தது. விலை இருந்தாலும் விற்க விளைச்சல் இல்லை. 1937-இல் சஸ்காச்சுவானில் ஏக்கருக்குச் சராசரியாக 3 புஷல்கூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் மிடேல், எல்லோ கிராஸ் என்ற ஊர்களில் வெப்பம் 45 பாகை சென்டிகிரேடைத் தொட்டது. கனடாவில் 2021 வரை அதை மிஞ்சிய வெப்பம் பதிவாகவில்லை.

பகலிலேயே விளக்கேற்றும்படி தூசு வானை மறைத்தது. வேலி ஓரங்களில் மண் பனிபோலக் குவிந்தது. பெட்ரோல் வாங்க வழியில்லாதவர்கள் மோட்டார் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டினார்கள். அப்போதைய பிரதமரின் பெயரால் அதற்கு 'பென்னட் வண்டி' என்று பெயர். கிழக்குக் கடற்கரை மக்கள் இரக்கப்பட்டு இரயிலில் உப்புக் கருவாடு அனுப்பினார்கள். அதை எப்படிச் சமைப்பதென்று புல்வெளி மக்களுக்குத் தெரியவில்லை! 1931-இல் 9,21,785 ஆக இருந்த சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 1941-இல் 8,95,992 ஆகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளையும் கணக்கில் கொண்டால், எத்தனை குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிலத்துக்கு ஏற்ற உழவு

1935-இல் கனடா அரசு புல்வெளிப் பண்ணை மறுவாழ்வு அமைப்பை நிறுவியது. உழக்கூடாத நிலங்கள் மீண்டும் புல் விதைக்கப்பட்டுப் பொது மேய்ச்சல் நிலங்களாயின. பனி உருகும் நீரைத் தேக்கப் பண்ணைதோறும் குட்டைகள் வெட்டப்பட்டன. பயிரும் தரிசும் மாறி மாறி வரும் குறுகிய பட்டைகளாக நிலத்தைப் பிரிக்கும் முறை பரவியது. ஆல்பர்ட்டாவின் சார்லஸ் நோபிள் ஒரு புதிய கருவியை அமைத்தார். அது மண்ணைப் புரட்டாமல், தரைக்கடியில் சென்று களையின் வேரை மட்டும் அறுக்கும். கோதுமைத் தாள் மேலேயே நின்று காற்றைத் தடுக்கும். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கர் வைத்திருந்து, வறட்சியிலும் கடனிலும் அவற்றை இழந்தவர் அவர். 1967-இல் தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றின் குறுக்கே கார்டினர் அணை எழுந்தது. பின்னர் உழாமலே தாளுக்கிடையில் விதைக்கும் முறை வந்து, கோடைத் தரிசையும் பெருமளவு குறைத்துவிட்டது.

2021-இல் மீண்டும் ஒரு கடும் வறட்சி. கனடாவின் கோதுமை விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் 1930-களைப் போல ஊர்களை மூடும் தூசுப் புயல்கள் எழவில்லை. மழை மாறவில்லை, மனிதனின் முறை மாறியிருந்தது.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். பாலிசர் சொன்னது சரியா, மக்கூன் சொன்னது சரியா? என் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை இரண்டு முறை அளந்துவிட்டு விடை எழுத வருவதுண்டு. "இன்னும் பத்து முறை அளந்து வா, சராசரியை மட்டும் எழுதாதே, அளவீடுகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் எழுது" என்று திருப்பி அனுப்புவேன். பாலிசரும் மக்கூனும் தாங்கள் கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனால் இருவர் கண்டதும் ஒரு நீண்ட வரைபடத்தின் இரண்டு சிறு துண்டுகள். ஒன்று பள்ளம், மற்றொன்று மேடு. பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்த அறிவியலார், 1930-களைவிட நீண்ட வறட்சிகள் முந்திய நூற்றாண்டுகளில் அங்கு நேர்ந்துள்ளன என்று இன்று காட்டுகிறார்கள். அந்நிலம் பாலைவனமும் அன்று, பொன் விளையும் பூமியும் அன்று. மாறுவதுதான் அதன் நிலையான இயல்பு.

மந்தையின் பின்னே நடந்த கிரீ மக்கள் இதை அறிந்திருந்தார்கள். அவர்களைக் கேட்காமல், சில ஆண்டுகளின் பசுமையை நம்பிச் சதுரம் சதுரமாக நிலத்தைப் பங்கிட்டதன் விலையைப் பின்வந்த உழவர்கள் கொடுத்தார்கள். ஆகவே ஒரு நிலத்தைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ யாரேனும் உறுதியாகத் தீர்ப்புச் சொன்னால், நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை ஆண்டுகள் பார்த்தீர்கள்?"